பிள்ளையைத் தொலைத்த சூசையப்பர்

சனிக்கிழமை காலையில் கண்ணாடிக்காரி தன் வீட்டுக்காரரின் கால்களோடு பேசிக்கொண்டிருந்தாள்.

மிச்ச உடம்பு சமையலறை சிங்க்குக்குக் கீழே, அலமாரிக்குள் இருந்தது. குழாய் ஒழுகல். மெக்கானிக் மல்லாந்து படுத்துக்கொண்டு எதையோ முறுக்கிக்கொண்டிருக்க, உள்ளே தண்ணீர் சோவென்று கொட்டியது.

“இங்க பாருங்க. ராத்திரி அண்ணி போன் பண்ணாங்க. வண்டி லேட்டாம். பிள்ளையை ஸ்கூல்லேர்ந்து அவங்க கூட்டிட்டு வரலையாம், நேரா வீட்டுக்கு வந்துடறாங்களாம். அதனால மதியம் நீங்கதான் போய்க் கூட்டிட்டு வரணும். எனக்கு ரெண்டு மணி வரைக்கும் கடை. சரியா?”

வலது கால் ஆடியது.

“சரியான்னு கேட்டேன்.”

வலது கால் இன்னொரு தடவை ஆடியது. இந்த வீட்டில் அதற்கு மேல் பதில் எதிர்பார்ப்பது பேராசை. அவள் பையை மாட்டிக்கொண்டு, வாசலில் நின்ற மகளை இழுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

புதிதாக வந்து உட்கார்ந்தவர்களுக்கு இரண்டு வார்த்தை சொல்லிவிடுகிறேன். பழைய ஆட்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கண்ணாடிக்காரி மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்துகிறவள். முதல் புருஷன் ஒரு காய்ச்சலில் போய்ச் சேர்ந்தான். அவன் விட்டுப்போனது ஒரு பெண் குழந்தை. பிடித்தால் விடாத குணத்தால் அதற்கு எறும்பு என்று பெயர் நிலைத்துவிட்டது. எறும்புக்கு இப்போது மூன்றாம் வகுப்பு. போன வருஷம் கண்ணாடிக்காரி இந்த மெக்கானிக்கைக் கட்டிக்கொண்டாள். ஒரு பட்டறையில் ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின் பழுது பார்ப்பவர். தங்கமான மனுஷர்.

கல்யாணத்தன்று ஃபாதர் அவர் தோளில் கை போட்டுக்கொண்டு சொன்னார்: “பெத்தாத்தான் அப்பாவா? ஏசுவை வளர்த்த சூசையப்பரைப் பாருங்க. உழைச்சார், வீட்டைக் காப்பாத்தினார், ஆபத்துன்னதும் பிள்ளையைத் தூக்கிக்கிட்டு ராவோட ராவா ஊரைவிட்டே போனார். ஆனா ஒரு வார்த்தை பேசினதா எங்கேயும் எழுதலை. அவரை மாதிரி இருங்க.”

மனுஷர் அப்படியே பிடித்துக்கொண்டார். எறும்பின் ஷூவுக்குப் பாலிஷ் போட்டார், புத்தகங்களுக்கு அட்டை போட்டார், காய்ச்சல் வந்தபோது அறை வாசலில் நாற்காலி போட்டு விடிய விடிய உட்கார்ந்திருந்தார். எல்லாம் செய்தார். வாயை மட்டும் திறக்கவில்லை. எறும்பும் அவரை எதுவும் சொல்லிக் கூப்பிட்டதில்லை. “உங்களைத்தான்” என்பாள், இல்லையென்றால் “அம்மா கூப்பிடறாங்க” என்பாள்.

சமையலறை அலமாரியின் மேல்தட்டில் ஒரு சாண் உயரத்தில், கையில் ரம்பத்தோடு சூசையப்பர் நிற்கிறார். கண்ணாடிக்காரி அவரை நிமிர்ந்து பார்த்துப் பல தடவை கேட்டிருக்கிறாள்: “நீங்களும் பேச மாட்டீங்க, உங்க சீடரும் பேச மாட்டார். நடுவுல நான் ஒருத்தி தொண்டை கிழியக் கத்தணுமா?”

இந்த நிலையில்தான் செத்துப்போனவனின் அக்கா, அதாவது நாத்தனார், போன வாரம் போனில் குண்டைத் தூக்கிப் போட்டாள். “எறும்பு எங்கிட்ட அழுதா. ‘அவரு எங்கிட்ட பேசவே மாட்டேங்கறாரு அத்தை, அவருக்கு என்னைப் பிடிக்கலை’ன்னா. என் தம்பி பிள்ளை வேண்டாத வீட்டுல வளரணும்னு எந்தத் தலையெழுத்தும் இல்ல. எனக்குப் பிள்ளை குட்டி கிடையாது. நான் வளர்க்கறேன். சனிக்கிழமை வர்றேன், முடிவு சொல்லு.”

அந்தச் சனிக்கிழமைதான் இது.

கண்ணாடிக்காரி கடையிலிருந்து திரும்பியபோது வீடு பூட்டியிருந்தது. சரி, ரெண்டு பேரும் எங்கேயோ கடைக்குப் போயிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டாள். ஒன்றாகப் போனதே பெரிய விஷயம் என்று சந்தோஷம்கூடப் பட்டாள், பாவம்.

கொஞ்ச நேரத்தில் டாக்சி வந்து நின்றது. நாத்தனார் இறங்கினாள். டிரைவர் ஒரு பெரிய பெட்டியைக் கொண்டுவந்து கதவோரம் வைத்தார். கண்ணாடிக்காரி அதைக் கண்ணால் அளந்தாள். இரண்டு நாள் தங்க வருகிறவர் கொண்டுவரும் பெட்டியா அது? எறும்பின் துணிமணி, புத்தகம், பொம்மை எல்லாவற்றையும் அடுக்கினால் கச்சிதமாகப் பிடிக்கும்.

“பிள்ளை எங்க?”

“அவரோட இருக்கா அண்ணி. வர்ற நேரம்தான்.”

“பேசிக்கிட்டு வருவாங்களாக்கும்” என்றாள் நாத்தனார்.

கண்ணாடிக்காரி தண்ணீர் கொண்டுவரப் போனாள்.

மெக்கானிக் வந்தார். சவரம் செய்து, சலவைச் சட்டை போட்டு, கையில் ஒரு கேக் பெட்டியோடு. நாத்தனாரைப் பார்த்துச் சிரித்தார். அவளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். அறைக்குள் எட்டிப் பார்த்தார். அப்புறம் அதிசயமாக வாயைத் திறந்தார்.

“பிள்ளை எங்க?”

“உங்களோட இல்லையா?”

“அக்காதானே கூட்டிட்டு வர்றதாச் சொன்னாங்க?”

“வரலைன்னு நேத்தே இவகிட்ட சொல்லிட்டேனே தம்பி!”

“நான் காலைல உங்ககிட்ட சொன்னேனே!”

“எப்ப?”

“சிங்க்குக்குக் கீழ படுத்திருந்தப்ப!”

“தண்ணி சத்தத்துல ஒண்ணும் கேக்கலையே.”

“கால் ஆடுச்சே!”

“நட்டு இறுக்கினேன்.”

பள்ளிக்கூடம் மதியமே விட்டாகிவிட்டது. கேக் பெட்டி மெக்கானிக்கின் கையிலிருந்து நழுவித் தரையில் குப்புற விழுந்தது.

“நான் இனிமே சுத்தி வளைச்சுப் பேசல” என்றாள் நாத்தனார். “பிள்ளை கிடைச்சா எங்கூட வந்துடுவா.”

கிடைச்சா. அந்த ஒரு சொல்லில் கண்ணாடிக்காரிக்குக் கண்ணை இருட்டிக்கொண்டு வந்தது. அவள் திரும்பிப் பார்ப்பதற்குள் மெக்கானிக் மாடிப்படி இறங்கி ஸ்கூட்டரைக் கிளப்பிவிட்டார். எந்தப் பக்கம் போகிறேன் என்றாவது சொன்னாரா? இல்லை. போனில் கூப்பிட்டால் எடுக்கவுமில்லை. அவர் போனுக்கும் அவரைப் போலவே பேச்சு வராது. எப்போதும் சத்தத்தை அணைத்தே வைத்திருப்பார்.

பெண்கள் இரண்டு பேரும் டாக்சி பிடித்துப் பள்ளிக்கூடத்துக்கு ஓடினார்கள். கேட் பூட்டியிருந்தது. வாட்ச்மேன் தலையைச் சொறிந்தார்.

“ரொம்ப நேரம் இங்கேயே நின்னுச்சும்மா. உள்ள வந்து உக்காருன்னேன். எனக்கு வழி தெரியும்னுட்டு விடுவிடுன்னு போயிடுச்சு.”

“எந்தப் பக்கம்?”

“பஸ் போற ரோட்டுப் பக்கம்.”

பஸ் போகிற ரோடு! கண்ணாடிக்காரிக்கு உயிரே கையில் இல்லை. உடன் படிக்கிற பிள்ளைகளின் வீடுகள், நூலகம், அவள் வேலை செய்யும் கண்ணாடிக் கடை, ஊஞ்சல் இருக்கும் பூங்கா என்று டாக்சி சுற்றியது. எங்கேயும் இல்லை.

நாத்தனார்தான் மெல்லச் சொன்னாள். “என் தம்பிகிட்ட போயிருப்பாளோ?”

கல்லறைத் தோட்டத்துக்குப் போனார்கள். அந்தக் கல்லுக்குப் பக்கத்தில் யாரும் இல்லை. போன மாதம் வைத்த பூக்கள் காய்ந்து கிடந்தன. நாத்தனார் குனிந்து அவற்றைப் பொறுக்கினாள். “உன் பொண்ணை நீதான்டா பாத்துக்கணும்” என்று கல்லைப் பார்த்துச் சொன்னாள். அதுவரை அழாமல் இருந்த கண்ணாடிக்காரி அங்கேதான் உடைந்தாள். காலோடு பேசிவிட்டுப் போனவள் நான்தானே, நிமிஷ நேரம் குனிந்து முகத்தைப் பார்த்துச் சொல்லியிருக்கக் கூடாதா என்று தன்னையே திட்டிக்கொண்டு அழுதாள்.

ஒருவேளை வீட்டுக்கு வந்திருந்தால்? திரும்பி ஓடினார்கள். கதவோரம் பெட்டி. தரையில் கேக். வேறு எதுவும் இல்லை.

கண்ணாடிக்காரி சமையலறையில் போய் நின்று மேல்தட்டைப் பார்த்தாள். வேண்டிக்கொள்ளத்தான் வாயைத் திறந்தாள். வந்தது சண்டை. “சும்மா நின்னுக்கிட்டே இருங்க! ஒரு வார்த்தை சொன்னா என்ன குறைஞ்சா போயிடுவீங்க?”

சொல்லிவிட்டுத் தலையைத் தொங்கப் போட்டாள். அப்போதுதான் சிங்க்குக்குக் கீழே அலமாரிக் கதவின் இடுக்கில் வெளிச்சம் மினுக் மினுக்கென்றது.

கதவைத் திறந்தாள். ஸ்பேனருக்குப் பக்கத்தில் மெக்கானிக்கின் போன். காலையில் அங்கேயே விட்டுவிட்டுப் போயிருக்கிறார் மகராசன். அது சத்தமில்லாமல் கூப்பிட்டுக்கொண்டிருந்தது.

“ஹலோ?”

“அப்பாடா! ரேடியோ வீடுதானே?” என்றது ஒரு வெண்கலத் தொண்டை.

“ரேடியோவா? தப்பான நம்பருங்க…”

“அட, வச்சிடாதீங்கம்மா! பட்டறை முதலாளியம்மா பேசறேன். ரேடியோன்னு நாங்க வச்ச பேரு. உங்க வீட்டுக்காரர்தான். மத்தியானத்திலேர்ந்து அடிச்சு அடிச்சு என் விரல் தேஞ்சு போச்சு. உங்க எறும்பு இங்க உக்காந்து என் ஸ்க்ரூ டப்பாவையெல்லாம் சைஸ் வாரியாப் பிரிச்சு வச்சிருக்கு. அம்மா நம்பர் சொல்லுன்னா ‘மாட்டேன், அவருதான் வரணும்’னு ஒரே பிடிவாதம். யாராச்சும் வந்து கூட்டிட்டுப் போறீங்களா, இல்ல நான் வேலைக்குச் சேத்துக்கட்டுமா?”

கண்ணாடிக்காரி ஈரத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. நாத்தனார் போனைப் பிடுங்கிக் காதில் வைத்து, இரண்டு தடவை “நிஜமாவா? நிஜமாவா?” என்று கேட்டுவிட்டு, அவளும் பக்கத்தில் உட்கார்ந்தாள். எத்தனை வருஷத்துக்குப் பிறகோ இரண்டு பேரும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள்.

டாக்சியில் போகும்போதுதான் கண்ணாடிக்காரிக்கு உறைத்தது. ஊரெல்லாம் தேடினார்கள். செத்துப்போன அப்பாவின் கல்லறை வரை போனார்கள். மெக்கானிக்கின் பட்டறையில் பார்க்க வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. இத்தனை நேரமாக அந்த மெக்கானிக்குக்கே தோன்றவில்லை.

பட்டறை என்பது ஒரு நீளமான கொட்டகை. இரண்டு பக்கமும் கதவில்லாத ஃப்ரிட்ஜுகளும் வயிறு திறந்த வாஷிங் மெஷின்களும் வரிசையாக நின்றன. நடுவில் ஒரு ஸ்டூலில், முகத்தில் கிரீஸ் கோடு போட்டுக்கொண்டு, ரொட்டி தின்றபடி எறும்பு உட்கார்ந்திருந்தாள். சுற்றிலும் நாலைந்து மெக்கானிக்குகள்.

கண்ணாடிக்காரி அடிக்கத்தான் கையை ஓங்கினாள். கை போய்க் கட்டிக்கொண்டது.

“ஏண்டி இப்படிப் பண்ண? அம்மாவுக்கு உசுரே போயிடுச்சுடி!”

“யாரும் வரல” என்றாள் எறும்பு. “அத்தை என்னைக் கூட்டிட்டுப் போகப் போறாங்கன்னு நீங்க பேசினது எனக்குக் கேட்டுச்சு. அவரு போக வேணாம்னு சொல்றாரா, போன்னு சொல்றாரான்னு அவரையே கேக்கலாம்னு வந்தேன். வீட்டுல கேட்டா பேச மாட்டாரு. பஸ்ல வந்தேன். அவரும் இங்க இல்ல.” அப்புறம் குரலைத் தாழ்த்தி, “அம்மா, அங்க பாருங்களேன்” என்றாள்.

கம்ப்ரசர் செத்துப்போன ஒரு பழைய ஃப்ரிட்ஜ் சுவரோரம் நின்றது. அதன் கதவு முழுக்கக் காந்த வில்லைகளால் ஒட்டிய படங்கள். எறும்பு வரைந்து பிடிக்காமல் கசக்கிக் குப்பையில் போட்டவை. ஒவ்வொன்றையும் யாரோ நீவி நீவிச் சுருக்கம் எடுத்திருந்தார்கள். நடுவில் இருந்த படத்தில் அம்மா, எறும்பு, ஸ்பேனர் பிடித்த ஓர் ஆள். அந்த ஆளுக்குக் கண் இருந்தது, மூக்கு இருந்தது, வாய் இல்லை.

முதலாளியம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். “இவருக்கு வாய் இல்லையா! காலைல உள்ள நுழைஞ்சார்னா ஆரம்பிச்சிடுவார். எறும்புக்கு ஏழாம் வாய்ப்பாடு வந்துடுச்சு, எறும்பு வெங்காயத்தைப் பொறுக்கி ஓரமா வச்சிடுச்சு, எறும்பு தூக்கத்துல சிரிச்சுது… எங்களுக்குக் காது புளிச்சுப் போச்சும்மா. அதான் ரேடியோ.”

கண்ணாடிக்காரிக்கு நம்ப முடியவில்லை. தன் வீட்டில் ஒரு வருஷமாகத் தலையாட்டிக்கொண்டிருந்த மனுஷரைப் பற்றித்தான் பேசுகிறார்களா?

அந்த நேரம் வாசலில் ஸ்கூட்டர் சரிந்து விழும் சத்தம் கேட்டது. மெக்கானிக் ஓடிவந்தார். சலவைச் சட்டை நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது. வெயிலிலிருந்து வந்த கண்ணுக்கு உள்ளே யார் இருக்கிறார்கள் என்று தெரியவில்லை.

“எல்லாரும் வேலையைப் போட்டுட்டு வாங்கய்யா! என் பொண்ணைக் காணோம்! ஆஸ்பத்திரி, ஸ்டேஷன் எல்லாம் பாத்துட்டேன். ஆளுக்கு ஒரு பக்கம் போங்க. பச்சை ரிப்பன், இடது பக்கம் மட்டும் அவுந்திருக்கும், எப்பவும் அவுந்துதான் இருக்கும். வலது முட்டியில ஆறின காயம். பேர் கேட்டா சொல்ல மாட்டா, பயந்தா விரலைக் கடிப்பா. சாப்பிட்டிருக்க மாட்டாய்யா, பசி தாங்க மாட்டா. முன்பல் ஒண்ணு இல்ல. என் பொண்ணுய்யா, யாராச்சும் எழுந்திரிங்களேன்…”

யாரும் எழுந்திருக்கவில்லை. எல்லோரும் சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள்.

ஸ்டூலிலிருந்து ஒரு குரல் வந்தது.

“பல்லு முளைச்சிடுச்சு. பாருங்க அப்பா.”

மெக்கானிக் அப்படியே நின்றார். எறும்பு உதட்டைத் தூக்கி, அரிசி முனை அளவு எட்டிப் பார்த்த பல்லைக் காட்டிக்கொண்டிருந்தாள். அவர் இரண்டு எட்டில் வந்து மண்டியிட்டார். பல்லைப் பார்த்தார். அப்புறம் அவள் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதார். எறும்பு கிரீஸ் கையால் அவர் முதுகைத் தட்டிக்கொடுத்தாள்.

“நான் போகணுமா, இருக்கணுமா?” என்று கேட்டாள்.

அவர் தலையை ஆட்டினார்.

“ஆட்டக் கூடாது. சொல்லணும்.”

“இரும்மா” என்றார். “எங்கேயும் போகாதே. எங்கூடவே இரு.”

எறும்பு பெரிய மனுஷி மாதிரித் தலையாட்டினாள். அவளுக்கு ஆட்ட அனுமதி உண்டு போலிருக்கிறது.

மெக்கானிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு நாத்தனாரின் எதிரில் போய்க் குற்றவாளி மாதிரி நின்றார். “தப்பு என்னுதுதான் அக்கா. உங்க தம்பி பிள்ளையைப் பத்திரமா வச்சிருக்கணும்னு நினைச்சேன். கடைசியில தொலைச்சுட்டேன்.”

நாத்தனார் அந்த ஃப்ரிட்ஜ் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். கல்லறையில் பொறுக்கிய காய்ந்த பூக்கள் இன்னும் அவள் கையில் இருந்தன.

“தம்பி, நீங்க யாரை மாதிரி இருக்கணும்னு ஃபாதர் சொன்னாரு?”

“சூசையப்பரை மாதிரி.”

“அவரும்தான் திருவிழாவுக்குப் போன இடத்துல பிள்ளையைத் தொலைச்சாரு. பிள்ளை மாதாவோட இருக்குன்னு அவரு நினைச்சிருப்பாரு, அவரோட இருக்குன்னு மாதா நினைச்சிருப்பா. ஒரு நாள் பூரா நடந்தப்புறம்தான் தெரிஞ்சுது. நமக்கு ஒரு மத்தியானத்துலயே தெரிஞ்சுடுச்சு. அதுக்காக அவரை யாரும் பீடத்துலேர்ந்து இறக்கிடலை. கண்ணைத் துடைங்க.”

“ஆனா அவர் ஒரு வார்த்தைகூடப் பேசலைன்னு…” என்று மெக்கானிக் இழுத்தார். “நான் பேசி, அந்த அப்பா இடத்தைப் பிடிச்சுக்கறேன்னு பிள்ளை நினைச்சிடக் கூடாதேன்னுதான்…”

கண்ணாடிக்காரிக்குப் பொறுக்கவில்லை. “அவர் பேசலைன்னு உங்ககிட்ட யார் சொன்னது? எழுதினவங்க யாராவது அவரோட பட்டறைக்குப் போய்ப் பாத்தாங்களா? அங்க அவரும் இப்படித்தான் ரேடியோவா இருந்திருப்பாரு! என் பையன் இன்னைக்கு ஆணி அடிச்சான், என் பையன் ரம்பத்தைத் தூக்கினான்னு!”

பட்டறையே சிரித்தது. மெக்கானிக்கும் சிரித்தார். எறும்பு முதலாளியம்மாவிடம் ஒரு பேனா வாங்கிக்கொண்டு போய், படத்தில் ஸ்பேனர் பிடித்த ஆளுக்கு இந்தக் காது முதல் அந்தக் காது வரை ஒரு வாய் வரைந்தாள். கொஞ்சம் பெரிதாகவே வரைந்துவிட்டாள்.

வீட்டுக்கு வந்ததும் சப்பையாகிப்போன கேக்கை நாலு பேரும் ஸ்பூனால் வழித்துத் தின்றார்கள். மெக்கானிக் பேசிக்கொண்டே இருந்தார். கம்ப்ரசர் ஏன் சாகிறது என்று எறும்புக்கு விளக்கினார். தாங்க முடியாமல் எறும்பு கொட்டாவி விட்டாள். கண்ணாடிக்காரி சமையலறைக்குள் போய் மேல்தட்டைப் பார்த்து, “காலைல கத்தினதை மனசுல வச்சுக்காதீங்க” என்றாள். கத்தியது காலையில் இல்லை, சாயங்காலம் என்று அப்புறம் ஞாபகம் வந்தது. பரவாயில்லை, அவருக்குத் தெரியும்.

அவள் கூடத்துக்குத் திரும்பியபோது நாத்தனார் சொல்லிக்கொண்டிருந்தாள்: “முடிவு கேட்டுத்தான் வந்தேன். கிடைச்சிடுச்சு. இனிமே பிள்ளையைக் கூட்டிட்டுப் போற பேச்சு எங்கிட்டேர்ந்து வராது.”

கண்ணாடிக்காரி விட்ட பெருமூச்சு பக்கத்து வீட்டுக்கே கேட்டிருக்கும்.

“அப்ப இந்தப் பெட்டியை உள்ள வச்சிடறேன் அக்கா, வழியில கால் தடுக்குது” என்று மெக்கானிக் எழுந்தார். காலிப் பெட்டிதானே என்று ஒரு கையால் தூக்கினார். பெட்டி அசையவில்லை. இரண்டு கையாலும் பிடித்துத் தம் கட்டினார். ஒரு சாண் எழும்பி மறுபடி தொப்பென்று உட்கார்ந்தது.

“என்னக்கா, இவ்வளவு கனமா இருக்கு?”

நாத்தனார் ஸ்பூனைக் கீழே வைத்தாள். யாரையும் பார்க்காமல், தட்டில் ஒட்டியிருந்த கேக் துணுக்கை விரலால் ஒற்றி எடுத்தாள்.

“தனியா இருந்தது போதும்னு என் வீட்டையே காலி பண்ணி அடுக்கிட்டு வந்துட்டேன் தம்பி” என்றாள். “கனமாத்தான் இருக்கும்.”